சுவோனிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

நலம். கொரியாவில் குளிர் இன்னும் விட்டபாடில்லை. சாப்பாட்டைப் பற்றிக் கேட்டிருந்தாயே, அதையே எழுதுகிறேன்.

ஆபீஸ்காரர்களோடு சாப்பிடப் போனால் மேசை நடுவில் தோன்ஜாங் ஜிகே கொதிக்கக் கொதிக்க வரும். சோயா விழுது கரைத்த குழம்பு. ஆளாளுக்குத் தன் கரண்டியை விட்டு அள்ளிக் குடிப்பார்கள். வாயில் வைத்த கரண்டிதான் திரும்பவும் சட்டிக்குள் போகும். தம்ளரை அண்ணாந்து குடிக்கச் சொல்லி வளர்த்த பாட்டி பார்த்திருந்தால் எழுந்தே போயிருப்பாள். கொரோனாவுக்கு அப்புறம் சில கடைகளில் தனிக் கிண்ணமும் அகப்பையும் தருகிறார்கள். என் கண் முதலில் அதைத்தான் தேடும்.

இரைப்பைப் புற்றுநோய் அதிகமுள்ள நாடுகளில் கொரியாவும் ஒன்று. சட்டிதான் காரணம் என்று நீ சொல்லிவிடுவாய். அவ்வளவு நேராக இல்லை. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி இரைப்பையில் குடியேறி, பல வருஷம் சத்தமில்லாமல் அழற்சியை உண்டாக்கும். 1994-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதைப் புற்றுநோய்க் காரணிகளில் சேர்த்துவிட்டது. ஆனால் அது பெரும்பாலும் தொற்றுவது சின்ன வயதில், வீட்டுக்குள்ளேயே. பெரியவர்கள் ஒரே சட்டியில் சாப்பிடுவதைவிட, பிள்ளைக்கு மென்று ஊட்டுவதுதான் எனக்குக் கவலை. (பாப்பாவுக்கு அப்படி யாரும் ஊட்டுவதில்லையே?)

அப்புறம் உப்பு. கிம்சி என்ற முட்டைக்கோஸ் ஊறுகாய், உப்பில் ஊறிய மீன், இறால் எல்லாம் தினமும் உண்டு. அதிக உப்பு இரைப்பையின் உள்சவ்வைக் கெடுக்க, கிருமிக்கு வேலை சுலபமாகிறது. ஒரே வீட்டில் கிருமியும் ஒன்று, சாப்பாடும் ஒன்று. அதனால் குடும்பத்தில் இரண்டு பேருக்குப் புற்றுநோய் வந்தால் பரம்பரையா, பழக்கமா என்று பிரிப்பது கஷ்டம். நோயாளிகளின் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்களுக்கு மருந்து கொடுத்துக் கிருமியை ஒழித்தால் ஆபத்து பாதியளவு குறைகிறது என்று 2020-ல் வெளியான கொரிய ஆய்வு சொல்கிறது.

இங்கே 40 வயதானால் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை எண்டோஸ்கோபி, அதாவது குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பது, அரசுத் திட்டத்திலேயே. இரட்டைப்படை ஆண்டில் பிறந்தவருக்கு இரட்டைப்படை ஆண்டில் முறை. பக்கத்து சீட்டுக்காரர் தூக்க ஊசி போட்டுக்கொண்டு செய்துவிட்டு வந்து, கஞ்சி குடித்த கதையைச் சாவகாசமாகச் சொன்னார். பல் பிடுங்கப் போனதற்குக்கூட இதைவிட அதிகம் புலம்பியவர்.

பெரியப்பாவுக்கு வந்ததும் இரைப்பைப் புற்றுநோய்தானே. அப்பாவோ நெஞ்செரிச்சலுக்குக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே இருக்கிறார். டாக்டரிடம் கூட்டிப் போ. கிருமிக்கு மூச்சுப் பரிசோதனை உண்டு. அமிலம் குறைக்கும் மாத்திரையை நிறுத்தாமல் போனால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டலாம். வழக்கமாக இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். எப்போது நிறுத்துவது என்று டாக்டரையே கேட்டுக்கொள்.

அன்புடன்,
தம்பி