பபூன் வீட்டுப் பரண்களுக்கு ஒரு மடல்

நாடக மேடையிலும் வானொலியிலும் சிரிக்கவைத்த பபூன்களின், அதாவது பழைய நகைச்சுவைக் கலைஞர்களின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும், வணக்கம்.

உங்கள் வீட்டுப் பரணில் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும். உள்ளே கிராமபோன் தட்டுகள், நாலைந்து ஸ்பூல் நாடா, கேசட்டுகள், மடித்து மடித்துக் கிழிந்த நாடக நோட்டீஸ்கள். வீடு மாற்றும்போது அதைப் பழைய பேப்பர்காரரிடம் போடலாமா என்ற பேச்சு வந்திருக்கும். போடாதீர்கள். அதைவிட முக்கியம், இப்போதைக்கு எதையும் துடைக்கவோ அடுக்கி ஒழுங்குபடுத்தவோ வேண்டாம்.

கதாநாயகனான ராஜபார்ட் பாடிய பாட்டும் பேசிய வசனமும் அச்சுப் புத்தகத்தில் கிடைக்கும். நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல் மறைந்தார். அவர் எழுதிய வள்ளி திருமணம் இன்றும் ஆடப்படுகிறது. பபூன் பேசியதை மட்டும் எவரும் எழுதிவைக்கவில்லை. தனித்தனியாக வரவழைத்த நடிகர்கள் ஓர் இரவுக்கு ஒன்றுசேர்ந்து ஆடுவது ஸ்பெஷல் நாடகம்; அதில் ஒத்திகை கிடையாது. ஊருக்கு ஊர், எதிரே நிற்பவரைப் பொறுத்து அந்த இடத்திலேயே கட்டிய பேச்சு அது. என்.எஸ். கிருஷ்ணனைப் போல நாடகக் கம்பெனியிலிருந்து சினிமாவுக்குப் போனவர்களுக்குப் படச்சுருள் சாட்சி சொல்கிறது. போகாதவர்களுக்கு உங்கள் பெட்டிதான் சாட்சி. வானொலியை நம்பவும் முடியாது. முதல் வருடங்களில் நாடகங்கள் நேரடியாகவே ஒலிபரப்பாயின. நாடா வந்த பிறகும் அதை அழித்து மேலே பதிவது நிலையங்களில் வழக்கம். வீட்டு ரேடியோ முன்னால் கேசட் ரெக்கார்டரை வைத்து யாரோ பதிந்ததுதான் மிஞ்சிய ஒரே பிரதியாக இருக்கக்கூடும், நடுவில் குக்கர் விசில் கேட்டாலும்.

முதலில் தட்டுகள். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான் கொள்ளும். அதனால் நாடகங்கள் 'செட்'டாக வந்தன: ஆறு தட்டு, பன்னிரண்டு பக்கம் என்பதுபோல. வரிசை கலைந்தால் ராஜபார்ட்டின் கதையை ஒருவாறு ஊகித்துவிடலாம். நகைச்சுவையில் அது நடக்காது. மூன்றாம் பக்கக் கடைசியில் போட்ட முடிச்சு நாலாம் பக்கத் தொடக்கத்தில் அவிழும். ஆகவே பெட்டியைத் திறந்ததும், எதையும் வெளியே எடுக்குமுன் இருக்கிற வரிசையிலேயே போட்டோ எடுங்கள். பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் லேபிளில் அச்சான எண்ணையும், லேபிளுக்கும் வரிகளுக்கும் (ஒலி பதிந்த சன்னமான பள்ளங்கள்) நடுவே உள்ள வழுவழுப்பான வட்டத்தில் பொறித்த எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது எண், பதிவு நடந்தபோது போடப்பட்டது. லேபிள் எண் தட்டு விற்பனைக்கு வந்தபோது வந்தது. கலைஞர் எந்த வருடம் எந்தக் கம்பெனிக்குப் பேசினார் என்று பின்னால் தேடுகிறவருக்கு முதல் பிடி அதுதான்.

அந்தத் தட்டு அரக்கும் கல்மாவும் சேர்த்துச் செய்தது. ஸ்பிரிட், சானிடைசர், கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் படக்கூடாது. அரக்கு ஆல்கஹாலில் கரையும். ஒரே துடைப்பில் பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்துவிடும், அதோடு குரலும் போயிற்று. காய்ச்சி வடித்த நீர் ஒரு லிட்டரில் மிதமான சோப்புத் திரவம் இரண்டு மூன்று சொட்டு, மெல்லிய துணி, வரியின் வளைவோடு சுற்றித் துடைப்பு, வெறும் நீரில் மறு துடைப்பு, நிழலில் உலர்த்தல். லேபிள் நனையக்கூடாது. படுக்கவைத்து அடுக்கினால் அடித்தட்டு விரிசல் விடும். சாய்த்துவைத்தால் வளையும். நேராக நிற்கவையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கறுப்பாக மின்னி, விளிம்பில் அலுமினியம் தெரிந்து, லேபிளில் கையெழுத்து இருந்தால் அது கடைத் தட்டு அல்ல. ஒலிப்பதிவுக் கூடத்தில் நேரடியாக வெட்டியது. அதன் பூச்சில் ஆமணக்கெண்ணெய் கலந்திருக்கும். வருடங்கள் போகப் போக அது வெள்ளைப் பொடியாக வெளியே வரும். பூஞ்சை என்று நினைத்துச் சுரண்டினால் பூச்சே உரிந்து வந்துவிடும். அதைத் தொடாமல் தனியே வைத்து, தெரிந்தவரிடம் கொடுங்கள். இன்னொரு தடவை ஓட விடாமலே உடைந்துபோகும் தட்டு அதுதான்.

பழைய கிராமபோனில் போட்டுப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். முள் மாட்டிய அந்தத் தலையின் கனம் நூறு கிராமுக்கு மேல், இரும்பு முள் வரியை அறுத்துக்கொண்டே போகும். மின்சார டர்ன்டேபிள் போதும். ஆனால் பின்னால் வந்த, அதிக நேரம் ஓடும் எல்.பி. தட்டுக்கான முள் கூடாது. அதன் முனை ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு, நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் இந்தத் தட்டுக்கு மூன்று பங்கு வேண்டும். சன்ன முள் வரியின் அடிவரை இறங்கி அங்கே படிந்த குப்பையைத்தான் கேட்கவைக்கும்.

வேகம் இன்னொரு தொல்லை. 78 என்று எழுதியிருப்பதெல்லாம் 78-இல் பதிந்தவை அல்ல. நிமிடத்துக்கு நாலரைச் சுற்று கூடினால் சுருதி அரைக் கட்டை ஏறும். பாடகருக்கு அது கொஞ்சம் இளமையான குரல், அவ்வளவுதான். பபூனுக்கு அது கீச்சுக்குரல். அவர் நிதானமாக விட்ட இடைவெளி அவசரமாகி, சிரிப்பே வராமல் போகும். செட்டில் பாட்டு உள்ள பக்கத்தை முதலில் போடுங்கள். பின்னால் ஆர்மோனியம் கேட்கும். உங்கள் கீபோர்டில் அதற்கு மிக நெருங்கிய கட்டையோடு அது பொருந்தும்வரை வேகத்தை நகர்த்தி, அதே வேகத்தில் செட் முழுவதையும் எடுங்கள். அந்தக் காலத்து ஆர்மோனியமே சற்று ஏறியோ இறங்கியோ இருந்திருக்கலாம். அதனால் எந்த வேகத்தில் எடுத்தீர்கள் என்பதைக் கட்டாயம் எழுதிவையுங்கள்.

நாடா விஷயம் சுருக்கமாக. ஏழு அங்குல ஸ்பூலில் 1200 அடி நாடா, விநாடிக்கு ஏழரை அங்குலம் ஓடினால் 32 நிமிடம் வரும். பின்னணியில் தலைகீழாக இன்னொரு பேச்சு கேட்டால் பேய் இல்லை, மறுபக்கப் பதிவையும் சேர்த்துப் படிக்கும் இயந்திரத்தில் போட்டிருக்கிறீர்கள். வினிகர் வாடை அடிக்கும் ஸ்பூலை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து, அதைத்தான் முதலில் பிரதி எடுக்க வேண்டும். கேசட்டில் மேல்முனையிலுள்ள இரண்டு பிளாஸ்டிக் காதுகளையும் உடைத்துவிடுங்கள். பேரன் தெரியாமல் சிவப்புப் பொத்தானை அமுக்கினாலும் அழியாது.

பிரதி எடுக்கும்போது 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. தட்டை ஸ்டீரியோவாகவே எடுங்கள். பதிவு மோனோதான், ஆனால் வரியின் இரண்டு சுவரும் ஒரே மாதிரி தேய்ந்திருக்காது, நல்ல பக்கத்தைப் பிறகு தேர்ந்துகொள்ளலாம். பன்னிரண்டு பக்க செட் ஒன்றேகால் ஜி.பி. அளவில் அடங்கும். மூலக் கோப்பில் 'இரைச்சல் நீக்கம்' வேண்டவே வேண்டாம். கைதட்டலும் கூட்டத்தின் சிரிப்பும் மென்பொருளுக்கு இரைச்சல்தான், முதலில் அதைத்தான் தின்னும். மௌனத்தை வெட்டும் வசதியோ பபூனின் தொழிலையே வெட்டிவிடும்.

நோட்டீஸ்கள். பலவற்றில் தேதியும் கிழமையும் இருக்கும், வருடம் இருக்காது. 'ஜூன் 16 வியாழன்' என்றால் 1932, 1938, 1949 மூன்றும் பொருந்தும். முறையே ஆங்கீரச, வெகுதானிய, விரோதி என்று தமிழ் வருடப் பெயர் மூலையில் இருந்தால் வேலை முடிந்தது. 'ரேடியோ புகழ்' என்ற அடைமொழியைப் பார்த்து 1932-ஐ அடித்துவிடாதீர்கள். அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16-இல்தான் வந்தது, ஆனால் சென்னை மாநகராட்சி 1930 ஏப்ரலிலேயே ஒலிபரப்பு நடத்தத் தொடங்கிவிட்டது. நோட்டீஸை லேமினேட் செய்யாதீர்கள். பிறகு பிரிக்கவே முடியாது.

வெளியிட்ட ஒலிப்பதிவுக்கு நம் சட்டப்படி பதிப்புரிமை அறுபது வருடம். வசனம் எழுதியவர் வேறொருவர் என்றால் அவர் மறைந்ததிலிருந்து அறுபது வருடம். இணையத்தில் ஏற்றுமுன் இரண்டையும் பாருங்கள். மூலத்தை எந்த நூலகத்துக்குக் கொடுத்தாலும் பொருள்வாரியாக எழுதிய ரசீது வாங்குங்கள்.

பிரதி கைக்கு வந்ததும் வீட்டில் மூத்தவரை உட்காரவைத்துப் போட்டுக் காட்டுங்கள். பக்கத்தில் போனில் பதிவு ஓடட்டும். "இது யார் குரல்?" என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் கேளுங்கள். லேபிளில் ராஜபார்ட் பெயர் மட்டும் போட்டு 'குழுவினர்' என்று முடித்திருப்பார்கள். அந்தக் குழுவினரில் ஒருவர்தான் உங்கள் தாத்தா.