பெயர் போட வேண்டாம் என்ற, கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிட்டு விடும் நீர்க்கட்டி ஐயாவுக்கு

எங்கள் நீர்வடிப்பகுதிப் பாதுகாப்பு அமைப்பில் இந்த மாதம் புதிதாக மூன்று பேர் சேர்ந்திருக்கிறார்கள். ஒருவர் சிவில் படித்தவர், ஒருவர் வேளாண்மை, இன்னொருவர் கணக்கு பார்ப்பவர். அவர்களைச் சிவகங்கைப் பக்கத்துக் கிராமங்களுக்கு அறிமுகப்படுத்தியது நாங்கள் அல்ல, நீங்கள்தான் ஐயா.

டீக்கடையில் ஆரம்பித்து, கண்மாய்ப் பாசனத்தில் நிலம் வைத்திருக்கும் ஆயக்கட்டுக்காரர்கள் வீடுவரை கூட்டிப்போய், "இவங்க நம்ம கண்மாய்க்கு வேலை பார்க்க வந்த பிள்ளைங்க" என்று சொன்னீர்கள். அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

அப்புறம் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் இறங்கி நடக்கவைத்தீர்கள். சீமைக்கருவேலம் எங்கே அடைத்திருக்கிறது, வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடையில் எந்தப் பக்கம் கசிகிறது, மிச்சத் தண்ணீர் வழியும் கலுங்கில் மணல் மூட்டை அடுக்கினால் கீழ்க்கண்மாய்க்காரர்கள் ஏன் சண்டைக்கு வருவார்கள் என்று காட்டினீர்கள். வைகைப் பாசனத்தில் ஒரு கண்மாய் நிறைந்து வழிந்தால்தான் அடுத்ததற்குத் தண்ணீர். வரைபடத்தில் அது வெறும் கோடு. எந்த ஊருக்கு எந்த ஊரோடு பகை, எங்கே பேசினால் தீரும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். நீர்க்கட்டிக்கு அறுவடையில் நெல் அளந்து கொடுக்கும் வழக்கம் பல ஊர்களில் நின்றுபோய்விட்டது. அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். நீங்களோ மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை.

பஸ் காசுகூட வாங்க மறுத்துவிட்டீர்கள். மனசார நன்றி ஐயா. ஐப்பசி மழைக்கு முன்னால் வரத்துக்காலைச் சுத்தம் செய்யப்போகிறோம். எங்கே தொடங்குவது என்று நீங்களே வந்து சொல்லுங்கள்.