ஒப்படைக்க மறுக்கும் நீதிமன்றங்கள்: தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மக்களவையிலும் மாநிலங்களவையிலும் தமிழ்நாட்டின் சார்பில் அமர்ந்திருக்கும் 57 உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2025 பிப்ரவரி 28 அன்று லண்டன் உயர் நீதிமன்றம், கறுப்புப் பண வழக்குகளில் இந்தியா தேடிவரும் ஆயுதத் தரகர் சஞ்சய் பண்டாரியை ஒப்படைக்க இயலாது என்று கூறி அவரை விடுவித்தது. அவர் குற்றமற்றவர் என்று அந்த நீதிமன்றம் கருதியதாக யாரும் எண்ண வேண்டாம். திகார் சிறையில் அடைக்கப்பட்டால், பணம் பறிப்பதற்காகச் சக கைதிகளோ சிறை அலுவலர்களோ அவரை மிரட்டவும் தாக்கவும் கூடிய உண்மையான ஆபத்து இருப்பதாக நீதிபதிகள் கண்டார்கள். மேல்முறையீடு செய்ய அனுமதி கேட்ட இந்தியாவின் மனுவையும் ஏப்ரலில் அதே நீதிமன்றம் நிராகரித்துவிட்டது.

நம் சிறையைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல அவர்கள் யார் என்ற கோபம் இத்தகைய தருணங்களில் எழுவது இயல்பு. பிரிட்டனின் சிறைகளும் நெரிசலில் திணறுபவைதாம் என்பதால் அந்தக் கோபத்தில் ஓரளவு நியாயமும் உண்டு. ஆனால் ஒரு நாடு கேட்டவுடன் இன்னொரு நாடு ஆளைப் பிடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்ற விதி எங்குமே கிடையாது. நமது 1962ஆம் ஆண்டு ஒப்படைப்புச் சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அரசியல் தன்மை கொண்ட குற்றமென்றால் ஒப்படைக்கக் கூடாது என்கிறது 31ஆவது பிரிவு. வழக்கு அற்பமானது, கோரிக்கை நல்லெண்ணத்துடன் வந்ததல்ல என்று தோன்றினால் மத்திய அரசே நடவடிக்கையை நிறுத்திவிடலாம் என்கிறது 29ஆவது பிரிவு. 1992இல் நாம் பிரிட்டனுடன் செய்துகொண்ட ஒப்பந்தமும், இனம், மதம், நாட்டுரிமை, அரசியல் கருத்து ஆகியவற்றுக்காக ஒருவர் தண்டிக்கப்படக்கூடும் என்றால் மறுக்கும் உரிமையை இரு தரப்புக்கும் தருகிறது. மறுப்பதற்கான காரணங்களை நாமும் எழுதி, கையெழுத்தும் போட்டுத்தான் வைத்திருக்கிறோம்.

இவற்றுள் அண்மைக் காலத்தில் நமக்கு எதிராக அதிகம் எடுபடும் காரணம், சித்திரவதைக்கான ஆபத்து. ஒப்படைக்கப்படுபவர் போய்ச் சேரும் இடத்தில் மனிதத்தன்மையற்ற நடத்துமுறைக்கு ஆளாவார் என்றால், அனுப்பிவைக்கும் நாடே அதற்குப் பொறுப்பு என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1989இல் சோரிங் வழக்கில் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய நீதிபதி எவரும் இதைத் தாண்டிச் செல்ல முடியாது. அவருடைய அரசு நம்மோடு எவ்வளவு நட்பாக இருந்தாலும் சரி.

டென்மார்க் விவகாரம் இதற்குச் சரியான சான்று. 1995 டிசம்பர் 17 இரவு, மேற்கு வங்கத்தின் புருலியா மாவட்டத்தில் ஒரு விமானம் துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் வானிலிருந்து கொட்டிவிட்டுப் போனது. அதில் முக்கியப் பங்கு வகித்ததாகக் குற்றம் சாட்டப்படும் டென்மார்க் நாட்டவர் நீல்ஸ் ஹோல்க்கை ஒப்படைக்க அந்நாட்டு அரசு 2010இல் சம்மதித்தது. ஆனால் அவர் இந்தியாவில் சித்திரவதைக்கு ஆளாகக்கூடும் என்று கூறி டென்மார்க்கின் நீதிமன்றங்கள் அதைத் தடுத்தன. மேல் நீதிமன்றத்தின் தீர்ப்பு 2011 ஜூனில் வந்தது. அந்த அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போகவில்லை என்று நாம் சினம் கொண்டு, அந்நாட்டுத் தூதரகத்துடனான தொடர்பைப் பல ஆண்டுகள் சுருக்கிக்கொண்டோம். மீண்டும் 2016இல் கோரினோம். கூடுதல் உறுதிமொழிகளும் கொடுத்தோம். 2024 ஆகஸ்டில் டென்மார்க் நீதிமன்றம் மீண்டும் மறுத்தது. இவ்வளவு கனமான ஒரு பயங்கரவாத வழக்கில் ஹோல்க் மீதான விசாரணை, பல ஆண்டுகளாக, நம்முடைய காவல் அறைகளின் பெயரால் முடங்கிக் கிடக்கிறது.

இதற்கு டெல்லி கண்டுபிடித்திருக்கும் வழி, குறிப்பிட்ட ஆளுக்காகக் குறிப்பிட்ட உறுதிமொழி கொடுப்பது. வங்கிக் கடன் மோசடிக்காகத் தேடப்படும் தொழிலதிபர் விஜய் மல்லையாவின் வழக்கில் மும்பை ஆர்தர் ரோடு சிறையின் 12ஆம் எண் கட்டடத்தை வீடியோ எடுத்து அனுப்பும்படி லண்டன் நீதிபதி கேட்டபோது, பகல் வெளிச்சம் எவ்வளவு உள்ளே வருகிறது என்று தெரிய வேண்டும், ஆகவே நண்பகலில் விளக்குப் போடாமல் எடுங்கள் என்றார். அதன்படியே எடுத்து அனுப்பினோம். வங்கி மோசடி வழக்கில் தேடப்படும் வைர வியாபாரி மெகுல் சோக்சிக்காக 2025இல் பெல்ஜியத்துக்கு அனுப்பிய கடிதத்தில், அதே கட்டடத்தில் அவருக்கு ஆள் ஒன்றுக்குக் குறைந்தது 3 சதுர மீட்டர் இடம், தடித்த பருத்தி விரிப்பு, தலையணை, போர்வை, மருத்துவ வசதி எல்லாம் உண்டு என்று எழுதிக் கொடுத்தோம். பெல்ஜிய நீதிமன்றங்களும் ஒப்படைப்புக்கு இசைந்தன. கிரிக்கெட் சூதாட்ட வழக்கில் தேடப்பட்ட சஞ்சீவ் சாவ்லாவும் திகார் குறித்து இப்படி ஓர் உறுதிமொழி கொடுக்கப்பட்ட பின்னரே 2020இல் நம்மிடம் வந்து சேர்ந்தார்.

உறுதிமொழிகளை நான் ஏளனம் செய்யவில்லை. மரண தண்டனையோ 25 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறையோ விதிக்கப்படாது என்று, 1993 மும்பை குண்டுவெடிப்பு வழக்கின் குற்றவாளி அபு சலேம் விஷயத்தில் போர்ச்சுகலுக்குக் கொடுத்த வாக்கு அரசைக் கட்டுப்படுத்தும் என்று நமது உச்ச நீதிமன்றமே 2022 ஜூலையில் தெளிவுபடுத்தியது. கொடுத்த வாக்கைக் காக்கும் நாடு என்ற பெயர் நமக்கு இருப்பது நல்லதே. எனினும் கோடிக்கணக்கில் கடன் வாங்கிவிட்டு விமானம் ஏறியவருக்கு எழுத்தில் வாக்களிக்கப்படும் 3 சதுர மீட்டரும் வெளிச்சமும், உள்ளூரில் செல்போன் திருடியதாகப் பிடிபட்ட விசாரணைக் கைதிக்கு ஏன் வாக்களிக்கப்படவில்லை? நம் சிறைகளில் இருப்போரில் நான்கில் மூன்று பங்கினர் இன்னும் தண்டிக்கப்படாதவர்கள். வெளிநாட்டு நீதிபதியும் வேறொரு வடிவில் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்: பொதுவான நிலைமை சரியாக இருந்தால் தனிக் கடிதம் எதற்கு?

சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997 அக்டோபர் 14 அன்று கையெழுத்திட்டது. அதற்குக் கட்டுப்படுவதாக முறைப்படி ஏற்கும் ஏற்புறுதியை இன்றுவரை அளிக்கவில்லை. பாகிஸ்தான், வங்கதேசம், நேபாளம், இலங்கை ஆகிய நான்கும் அதன் உறுப்பு நாடுகள். ஏற்புறுதிக்கு முன்னோடியாகக் கொண்டுவரப்பட்ட சித்திரவதைத் தடுப்பு மசோதா 2010 மே மாதம் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையின் தேர்வுக் குழுவுக்குப் போய், பின்னர் காலாவதியானது. சட்ட ஆணையம் தனது 273ஆவது அறிக்கையில் 2017இல் புதிய மசோதாவையே எழுதிக் கொடுத்தது. அதுவும் அலமாரியில்தான் இருக்கிறது.

தனிச் சட்டம் எதற்கு, வாக்குமூலம் வாங்க அடிப்பது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 120ஆவது பிரிவின்படி ஏற்கெனவே குற்றம்தானே என்று உள்துறை சொல்லக்கூடும். குற்றம்தான், ஆனால் அதை நிரூபிப்பது யார்? காவல் நிலையத்தின் உள்ளே நடந்ததற்குச் சாட்சி, உள்ளே இருந்தவர்களே. காவலில் இருந்தவர் உடலில் காயம் காணப்பட்டால் அதைக் காவலர்களே ஏற்படுத்தியதாக நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்று சாட்சியச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்க்கும்படி சட்ட ஆணையம் 1985இலேயே பரிந்துரைத்தது. 2017இலும் அதையே திரும்பச் சொன்னது. 2023இல் மூன்று குற்றவியல் சட்டங்களையும் புதிதாக எழுதியபோதும் அந்த ஒரு பிரிவுக்கு இடம் கிடைக்கவில்லை.

இதைத் தமிழ்நாட்டவர்களான உங்களுக்கு நான் எழுதக் காரணம் உண்டு. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தையும் மகனும் அடிக்கப்பட்டு, கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்டு, அடுத்தடுத்து இறந்தபோது, விசாரிக்கச் சென்ற மாஜிஸ்திரேட் கண்டது என்ன? கண்காணிப்புக் கேமராவின் ஹார்டு டிஸ்க்கில் போதிய இடம் இருந்தும், பதிவுகள் அன்றன்றே தாமாக அழியும்படி அது அமைக்கப்பட்டிருந்தது. லத்திகளிலும் மேசையிலும் இரத்தக் கறை இருந்ததாகச் சாட்சியம் சொல்ல ஒரு பெண் தலைமைக் காவலர் துணிந்ததால்தான் அந்த வழக்கு உயிரோடு இருந்தது. ஐந்து ஆண்டுகள் கழித்துத் திருப்புவனம் அருகே, கோயில் காவலாளி ஒருவர் 40க்கும் மேற்பட்ட காயங்களுடன் இறந்தார். இரண்டு முறையும் உங்களில் பலர் குரல் கொடுத்தீர்கள். அப்போது ஆளுங்கட்சியாக இருந்தவர்கள் சற்றுத் தாழ்ந்த குரலில்.

சட்டம் வந்தால் லத்தி தானாகக் கீழே இறங்கிவிடாது என்பதை அறிவேன். இலங்கை 1994இலேயே உடன்படிக்கையில் சேர்ந்து தனிச் சட்டமும் இயற்றியது. அதற்குப் பின்னர் அங்கே தமிழர்களுக்குக் காவலில் நேர்ந்தவற்றை நான் உங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் ஏற்புறுதியை மட்டும் கேட்காமல், காயத்துக்குக் காவலர் பதில் சொல்ல வேண்டும் என்ற அனுமானத்தையும், வழக்குத் தொடர அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற தடையைக் காவல் வன்முறை வழக்குகளில் நீக்குவதையும் சேர்த்துக் கேட்கிறேன்.

வரும் கூட்டத்தொடரில் உங்களால் உடனே செய்யக்கூடியவை இரண்டு. சிறை நிலைமையையோ சித்திரவதை ஆபத்தையோ காரணம் காட்டி இதுவரை மறுக்கப்பட்ட ஒப்படைப்புக் கோரிக்கைகள் எத்தனை, ஒவ்வொன்றிலும் என்ன உறுதிமொழி கொடுக்கப்பட்டது, அது நிறைவேறுகிறதா என்று கண்காணிப்பது யார் என எழுத்துமூலம் பதில் கோருங்கள். அடுத்ததாக, சட்ட ஆணையத்தின் வரைவை, அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவரும் தனிநபர் மசோதாவாக முன்வையுங்கள். திருநர் உரிமைகளுக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதா 2015 ஏப்ரலில் மாநிலங்களவையில் நிறைவேறியதை அவையில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கட்சிக்கு ஒருவர் வீதம் கையெழுத்திட்டாலும் போதும், வரைவின் தமிழாக்கத்தையும் பிரிவுவாரிக் குறிப்புகளையும் தயாரித்துத் தர என்னைப் போன்ற வழக்கறிஞர்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
குற்றவியல் வழக்கறிஞர் ஒருவர்,
மதுரை