மணி வேண்டாம், மண் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு மலரில் கீழடியை மழலையருக்குச் சொல்லித்தருவது பற்றிய கட்டுரையைப் படித்தேன். "இந்த வயதில் வரலாறு ஏறாது, பாசிமணி கோக்கவிட்டால் போதும்" என்ற வரி இரண்டு நாளாக உறுத்துகிறது. இரண்டரை வயதுப் பிள்ளையின் கையில் எது கிடைத்தாலும் முதலில் வாய்க்குத்தான் போகும். மணி தொண்டையில் அடைத்தால் என்ன ஆகும் என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வரலாறு ஏறாது என்பதும் தவறு. ஆண்டுக் கணக்குதான் ஏறாது. கீழடியின் 2,600 ஆண்டும் முந்தாநாளும் அந்த வயதுக்கு ஒன்றுதான். ஆனால் கீழடியில் கிடைத்த உறைகிணறு, அதாவது சுடுமண் வளையங்களை (உறைகளை) ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிக் கட்டிய கிணறு, நன்றாகவே ஏறும்.

அகலமான பேசினில் முக்கால் பங்கு ஆற்றுமணல் போதும். பிள்ளையைக் கையால் குழி தோண்டச் சொல்லுங்கள். மணல் சரிந்து குழி மூடிக்கொள்ளும். இரண்டு மூன்று முறை சரியட்டும், பெரியவர்கள் கைகொடுக்கக் கூடாது. பிறகு உள்ளங்கை அகலமும் மூன்று விரல் உயரமும் உள்ள சுடுமண் உறை ஒன்றை வைத்து, உள்ளே இருக்கும் மணலை மட்டும் அள்ளச் சொல்லுங்கள். உறை மெல்ல இறங்கும். மேலே இன்னொன்றை வையுங்கள். பேசின் ஓரமாக இரண்டு செம்புத் தண்ணீர் ஊற்றினால் உறைக்குள் ஊறி வரும். பிள்ளை கையை விட்டுத் துழாவும்போது, "பாட்டிக்குப் பாட்டியெல்லாம் இப்படித்தான் தண்ணி எடுத்தாங்க" என்று ஒரே வாக்கியம் சொன்னால் போதும். அதற்கு மேல் பேசினால் கவனம் கலைந்துவிடும்.

பிள்ளைகள் பிசைந்த பச்சை மண் உறையை வைத்தால் தண்ணீர் பட்டதும் கரைந்துவிடும். பலர் இந்த இடத்தில்தான் "சரிவராது" என்று கைவிடுகிறார்கள். குயவரிடம் சொல்லி நான்கு உறை சுட்டு வாங்குங்கள், விளிம்பை மழுக்கச் சொல்லுங்கள்.

கீழடியில் நூற்றுக்கணக்கில் கிடைத்த வட்டச் சில்லுகளைக் கட்டுரை தொடவே இல்லை. உடைந்த பானையோட்டை 5 செ.மீ.க்குக் குறையாமல் நறுக்கி, கூர்முனையைப் பெரியவர்கள் தேய்த்துவிட்டு, கடைசித் தேய்ப்பைப் பிள்ளையிடம் விடலாம். ஈரக்கல்லில் தேய்த்தால் தூசி பறக்காது. அந்தச் சில்லை வைத்து வீட்டுப் பாட்டியோடு பாண்டி ஆடட்டும்.

இந்த மனக்குறை இன்று வந்ததல்ல. மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே வட்டாரத்தின் மழலையர் வகுப்புகளில், கை அழுக்காகும் என்று கடை வண்ணக் களிமண்ணைத்தான் கொடுக்கிறார்கள். செயல்பாட்டுப் புத்தகத்தைத் திறந்தால் தாஜ்மகாலுக்கு வண்ணம் தீட்டச் சொல்கிறது. சுற்றுலா என்று அறுபது பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் கண்ணாடிப் பெட்டி முன்னால் வரிசையில் நிறுத்தி, "தொடாதே" என்று மட்டும் சொல்லி அழைத்துவருகிறார்கள். தொட்டுப் பார்த்தே உலகத்தை அறிகிற வயதுக்கு இதைவிடப் பெரிய தண்டனை இல்லை. தங்கள் இதழும் கீழடியைப் பற்றி எத்தனையோ பக்கம் எழுதியது. அங்கன்வாடிப் பிள்ளைக்கென்று எழுதிய ஒரே கட்டுரையில் இப்படி ஒரு வரி வந்ததுதான் அதிகம் வலிக்கிறது.

வரும் ஞாயிறு மலரில், சிறு மழலையருக்கு மணி கொடுக்க வேண்டாம் என்று ஒரு திருத்தம் போடுங்கள். இடமிருந்தால் உறைகிணற்றின் கோட்டுப்படம் ஒன்றை உள்ளங்கை அளவில் அச்சிடுங்கள். குயவரிடம் காட்டி உறை வாங்க உதவும்.

இப்படிக்கு,
மழலையர் வகுப்பு ஆசிரியை,
மானாமதுரை