அந்தப் பச்சை எண்ணெயை முகத்தில் தேய்க்காதே

கோவை
ஞாயிறு காலை

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. முட்டி ஆபரேஷன் முடிந்து மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. இரண்டு வாரமாக எப்போது போன் பண்ணினாலும் உன் வீட்டுக்காரர் எடுத்து, "தூங்குகிறாள்" என்று ஒரே பதில். நல்ல காவல்காரர்தான்!

சரி, நீ கேட்ட விஷயம். மருமகள் வாங்கித் தந்த பெர்கமோட் பழத்தோல் எண்ணெயை முகத்தில் தேய்த்தால் கரும்புள்ளி போகும் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள், தேய்க்கலாமா என்கிறாய். தேய்க்காதே. அதைச் சொல்ல என்னைவிடப் பொருத்தமான ஆள் உனக்குக் கிடைக்கமாட்டாள். கதையைக் கேள்.

போன டிசம்பருக்கு முந்தின டிசம்பரில் மகனைப் பார்க்க இத்தாலிக்குப் போனேன் அல்லவா, அப்போது ரெஜியோ கலாப்ரியா என்ற ஊருக்கு அழைத்துப் போனான். வரைபடத்தில் இத்தாலி ஒரு பூட்ஸ் மாதிரி இருக்கும், அதன் கால்விரல் நுனியில் இருக்கிறது இந்த ஊர். எதிரே கடலைத் தாண்டினால் சிசிலி. உலகத்தில் விளையும் பெர்கமோட்டில் பெரும்பங்கு இந்த ஊரை ஒட்டிய கடலோரத் துண்டு நிலத்தில்தான் விளைகிறது. வேறு இடங்களில் நட்டுப் பார்த்தும் அந்த வாசனை அவ்வளவாக வருவதில்லையாம். பழம் பார்க்க நம் நாரத்தங்காய் மாதிரியே இருக்கிறது. கிடாரங்காயும் எலுமிச்சையும் கலந்து பிறந்தது என்று வைத்துக்கொள். உரித்துத் தின்ன முடியாது, அப்படி ஒரு கசப்பும் புளிப்பும். விலையெல்லாம் தோலுக்குத்தான். நவம்பரிலிருந்து மார்ச் வரை பறிக்கிறார்கள். முதலில் பறிக்கும் காய் பச்சையாக இருப்பதால் எண்ணெயும் பச்சை. போகப் போக மஞ்சளாகிவிடும். உன் பாட்டில் பச்சை என்று எழுதியிருக்கிறாய், ஆரம்பப் பறிப்பாக இருக்கலாம்.

ஆறாம் வகுப்பில் ஆரஞ்சுத் தோலை மடித்து என் கண்ணில் பீய்ச்சி அழவைப்பாயே, ஞாபகம் இருக்கிறதா? அந்தச் சாறுதான் இந்த எண்ணெய். காய்ச்சுவதில்லை, தோலை அழுத்தியே எடுக்கிறார்கள். அந்தக் காலத்தில் பழத்தை இரண்டாக நறுக்கி, சதையைச் சுரண்டி எறிந்துவிட்டு, தோலைக் கடற்பஞ்சின்மேல் வைத்துக் கையால் அழுத்துவார்களாம். பஞ்சில் ஊறியதைச் சட்டியில் பிழிந்தால் எண்ணெய் தண்ணீருக்கு மேலே மிதக்கும். 1844இல் நிக்கோலா பரில்லா என்பவர் இதற்கு ஒரு இயந்திரம் செய்தார். ஒரு கிலோ எண்ணெய்க்கு ஏறக்குறைய 200 கிலோ பழம் வேண்டும். அதனால் மலிவாக விற்கும் பாட்டிலைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது.

நமக்கு இந்த வாசனை புதிதில்லை. காய்ச்சல் வந்தால் அம்மா நெற்றியில் ஈரத்துணி போடுவாளே, ஓடிகொலோன் தெளித்து, அதில் முதலில் மூக்கில் ஏறும் வாசனை இதுதான். 1709 வாக்கில் ஜெர்மனியின் கொலோன் நகரில் ஃபரினா என்ற இத்தாலியர் செய்து விற்ற வாசனைத் தண்ணீர் அது. ஏர்ல் கிரே என்று ஒரு வாசனை டீ விற்கிறார்களே, அதன் வாசனையும் இதுவே.

இப்போது என் கழுத்து. ஊருக்குத் திரும்பும்போது ஒரு கடையில் சின்ன பாட்டில் வாங்கினேன். ஏப்ரலில் ஒருநாள் அத்தர் பூசுவது மாதிரி இரண்டு சொட்டைக் காதுக்குக் கீழே தடவிக்கொண்டு, ஸ்கூட்டியில் பன்னிரண்டு மணி வெயிலில் மார்க்கெட் போய் வந்தேன். அன்று ஒன்றுமில்லை. மறுநாள் எரிச்சல், அப்புறம் சிவப்பு, ஒரு வாரத்தில் காதிலிருந்து தோள் வரை பழுப்பாக ஒரு கோடு. எண்ணெய் வழிந்த தடத்தை அப்படியே வரைந்து வைத்தது மாதிரி! தோல் டாக்டர் பார்த்தவுடன், "என்ன சென்ட் போட்டீர்கள்?" என்று கேட்டார். இதற்கு 'பெர்லோக்' என்றே ஒரு பெயர் இருக்கிறதாம். பிரெஞ்சில் தொங்கட்டான் என்கிற வார்த்தையிலிருந்து வந்தது. கொலோன் பூசிய இடத்தில் இப்படிக் கறை விழுவதை 1916லேயே மருத்துவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். நான் வாங்கிய பாட்டிலில் வெயில் என்ற பேச்சே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கறை மங்க ஏழெட்டு மாதம் ஆயிற்று. கல்யாண வீடுகளில் முந்தானையைக் கழுத்து வரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கறை போகத் தேய்க்கலாம் என்று உனக்குச் சொன்னார்களே, எனக்கு அந்த எண்ணெய்தான் கறையே போட்டது.

காரணம் பெர்காப்டென் என்ற பொருள். சும்மா இருந்தால் சாது. தோலில் இருக்கும்போது சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டால் செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ.வையே போய்ப் பிடிக்கிறது. ஜன்னல் கண்ணாடி வழியாகவும் அந்தக் கதிர் வரும், அதனால் காருக்குள் இருந்தாலும் தப்பில்லை என்று நினைத்துவிடாதே. இதே குடும்பத்துப் பொருள்தான் கார்போக அரிசியிலும் இருக்கிறது. உன் சித்தப்பா வெண்புள்ளிக்கு அதை அரைத்துப் பூசிக்கொண்டு காலை வெயிலில் உட்காருவாரே! அங்கே நிறம் வரவேண்டும் என்று செய்தது, இங்கே எனக்கு வேண்டாத இடத்தில் வந்துவிட்டது. மருத்துவத்திலும் இந்தக் குடும்பத்து மருந்தைக் கொடுத்துவிட்டு அளவாகக் கதிர் காட்டுவார்கள். அளவாக, டாக்டர் மேற்பார்வையில்.

வாசனைத் தொழிலில் இதற்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். வெயில் படும் தோலில் பூசிக் கழுவாமல் விடும் பொருளில் 0.4 சதவீதத்துக்கு மேல் சாதாரண பெர்கமோட் எண்ணெய் கூடாது. 30 மில்லி தேங்காய் எண்ணெய்க்கு இரண்டு சொட்டு என்று கணக்கு வரும். பெர்காப்டெனை நீக்கிய எண்ணெயும் கிடைக்கிறது, 'எஃப்.சி.எஃப்.' என்று பாட்டிலில் போட்டிருப்பார்கள். உன் பாட்டிலைத் திருப்பிப் பார். அது இல்லாவிட்டால் புடவைக்கு அடியில் இருக்கிற இடத்துக்கு வேண்டுமானால் கலந்து தேய்த்துக்கொள், முகத்துக்கு வேண்டாம். எதுவானாலும் முதலில் முழங்கை மடிப்பில் கலந்த எண்ணெயில் ஒரு துளி போட்டு ஒருநாள் பார். அப்புறம், பாட்டில் பழசானால் எண்ணெய் காற்றோடு கலந்து மாறி அலர்ஜி தரும். இருட்டான, குளிர்ந்த இடத்தில் இறுக மூடி வை.

மனசுக்கு நல்லதா என்று கேட்டாய். முகர்ந்தால் பதற்றம் கொஞ்சம் தணிகிறது என்று சில சின்ன ஆய்வுகள் சொல்கின்றன. பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை, பிரஷர் மாத்திரையை நிறுத்தும் அளவுக்கு நிச்சயமாக இல்லை. எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். சாயங்காலம் ஒரு கிண்ணம் சுடுதண்ணீரில் இரண்டு சொட்டு விட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து அரைமணி நேரம் படிப்பேன். உன் வீட்டில் பூனை இருக்கிறதே, அதை அந்த அறையில் வைத்துப் பூட்டிவிடாதே. அதற்கு இது ஆகாது.

டீயில் விடுவதைப் பற்றியும் எழுதியிருந்தாய். வேண்டாம். டீத்தூளில் ஏற்றுவது துளியினும் துளி, பாட்டிலிலிருந்து விடுவது வேறு. அந்த ஏர்ல் கிரே டீயையே தினமும் நான்கு லிட்டர் வரை குடித்த 44 வயதுக்காரர் ஒருவருக்குத் தசையெல்லாம் இழுத்துப் பிடித்துக்கொண்டது, விட்டதும் சரியானது என்று 2002இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. உன் வீட்டுக்காரர் கொழுப்புக்கு மாத்திரை போடுகிறார் வேறு. திராட்சை மாதிரி கொத்தாகத் தொங்கும் அந்தப் பெரிய எலுமிச்சை இனப் பழம், கிரேப்ஃப்ரூட், சில மாத்திரைகளோடு சேரக்கூடாது என்பார்களே, அதற்குக் காரணமான பொருள் ஒன்றின் பெயரே பெர்கமோட்டின், இந்த எண்ணெயிலும் அது இருக்கிறது. பேரன் கைக்கு எட்டாத அலமாரியில் பாட்டிலை வை. குழந்தைகள் குடித்துவிட்டால் நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு.

வேறென்ன? மாமரத்தில் இந்த வருஷம் பூவே இல்லை. சின்னவளுக்கு அடுத்த மாதம் பரீட்சை, வீடே ஊமையாகிக் கிடக்கிறது. உன் அம்மா கைப்பக்குவத்தில் உப்பு நாரத்தங்காய் போட்டிருக்கிறாயா? போட்டிருந்தால் ஒரு பாட்டில் எனக்கு எடுத்து வை, உன் கால் முழுசாகத் தேறியதும் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். கழுத்தையும் காட்டுகிறேன், உற்றுப் பார்த்தால் இன்னும் லேசாகத் தெரியும்.

அன்புடன்,
சரோஜா