ஹெச்.ஆரிடம் சொன்னால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அலுவலக மன அழுத்தம் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ‘மேலாளர் தொந்தரவு கொடுத்தால் தயங்காமல் ஹெச்.ஆரிடம் மனம்விட்டுப் பேசுங்கள்’ என்று அதில் ஒரு வரி. ஊழியர் விவகாரங்களைப் பார்க்கும் அந்தப் பிரிவிடம் எழுதியவர் அப்படிப் பேசிப் பார்த்திருக்கிறாரா? நான் பேசினேன்.

கணக்குப் பிரிவில் எனக்குப் பதினோரு வருட வேலை. புதிதாக வந்த மேலாளர் எல்லோர் முன்னாலும் ஃபைலைத் தூக்கி எறிவார். கர்ப்பமாக இருந்த ஒரு பெண்ணிடம், ‘ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் பாத்ரூம் போவாய்?’ என்று கத்தினார். பொறுக்க முடியாமல் ஹெச்.ஆரிடம் போனேன். கதவைச் சாத்திவிட்டு, ‘இது நமக்குள்ளேயே இருக்கட்டும்’ என்றார். சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் நான் சொன்னதையெல்லாம் மேலாளர் எனக்கே திருப்பிச் சொன்னார். அந்த வருடம் எனக்கு இன்கிரிமென்ட் இல்லை. அப்புறம் ராஜினாமா செய்தபோது, ‘சொந்தக் காரணம்’ என்று எழுதினால்தான் வேலையிலிருந்து விடுவித்ததற்கான ரிலீவிங் லெட்டர் என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். அந்தப் பொய் இன்றும் என் கையெழுத்தில் அங்கே இருக்கிறது.

அந்த ஹெச்.ஆர். பெண் கெட்டவர் இல்லை. அவருடைய வேலையை மதிப்பிடும் அப்ரைசலையும் அதே நிர்வாகம்தானே போடுகிறது? என் அப்பா மில் தொழிலாளி. 500 பேர் வேலை செய்யும் ஆலையில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்று 1948ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. அந்த அலுவலரும் நிர்வாகத்திடம் சம்பளம் வாங்குபவர்தான். ஆனால் அப்பா காலத்தில் எதிரே யூனியன் இருந்தது. எங்களுக்குக் கிடைத்தது பிறந்தநாள் கேக்கும், மகளிர் தினத்துக்கு ஒரு ரோஜாவும்.

பாலியல் தொல்லைக்கு 2013இல் சட்டம் வந்தது. 10 பேர் வேலை செய்யும் இடத்தில்கூட உள்ளகப் புகார்க் குழு வேண்டும். அதில் வெளியாள் ஒருவர் இருக்க வேண்டும். 90 நாளில் விசாரணையை முடிக்க வேண்டும். உள்ளே இருப்பவர்களை மட்டும் நம்பினால் நியாயம் கிடைக்காது என்று தெரிந்துதானே வெளியாளை வைத்தார்கள்? தினம் தினம் அவமானப்படுகிறவர்களுக்கு மட்டும் அந்த வெளியாள் ஏன் கிடையாது? எந்த மேலாளரின் கீழ் எத்தனை பேர் வேலையை விட்டார்கள் என்ற கணக்கு ஹெச்.ஆரிடம்தான் இருக்கிறது. அதை முதலாளி முன்னால் எடுத்து வைக்கும் தைரியத்தை யார் கொடுப்பார்கள்?

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. அடுத்த இதழில் அந்த வரியோடு இன்னொரு வரியைச் சேர்த்துப் போடுங்கள், போதும்: ‘புகாரை எழுத்தில் கொடுங்கள், பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள், ஒரு நகலை வீட்டில் வையுங்கள்.’ என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி, அம்பத்தூர்
(பெயரை வெளியிட வேண்டாம்)