புத்தாண்டுக்கு மட்டுமல்ல, சனிக்கிழமைக்கும் போலீஸ் வேண்டும்

பெங்களூரு மாநகரக் காவல் ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். சர்ச் ஸ்ட்ரீட் பக்கம் ஓர் உணவகத்தில் சமையல் வேலை பார்க்கிறேன். இதையே கன்னடத்திலும் எழுதி உங்களுக்குத் தபாலில் சேர்த்திருக்கிறேன். போன சனிக்கிழமை ராத்திரி நடந்த அடிதடி உங்கள் காதுக்கு வந்திருக்கும், முழுக் கதையும் வேண்டாம்.

பப்புகள் ஒரு மணிக்கு மூடும். மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் தெருவில் இறங்கும். மெட்ரோ எப்போதோ நின்றிருக்கும், ஆட்டோக்காரர் வாய்க்கு வந்த கூலியைக் கேட்பார். குடித்தவனுக்குச் சண்டை போட இவ்வளவு போதும். பவுன்சர்களின் பொறுப்பு கடை வாசலோடு சரி. மேசை துடைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பும் எங்கள் பையன்கள்தான் நடுவில் மாட்டுகிறார்கள்.

அன்றைக்கு எங்கள் சப்ளையர் ஒருவனுக்கு நெற்றியில் பாட்டில் அடி. அவசர எண் 112-க்கு போன் அடித்தோம். வந்த ஹொய்சாலா ரோந்து வண்டியில் இரண்டே போலீஸ்காரர்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அந்தக் கூட்டத்துக்குள் இரண்டு பேர் இறங்கி என்ன செய்வது? அப்புறம் ஸ்டேஷனுக்குப் போனால், "இது எங்க லிமிட் இல்ல" என்றார்கள். நெற்றியைத் துண்டால் அழுத்திக்கொண்டு அவன் அடுத்த ஸ்டேஷனுக்கு நடந்தான். எல்லை பார்க்காமல் எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிய வேண்டும் என்று 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமே சொல்கிறது. உங்களுக்கே நான் சட்டம் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் கேட்பது இதுதான்: வெள்ளி, சனி இரவுகளில் பன்னிரண்டரை முதல் இரண்டரை வரை பிரிகேட் ரோட்டிலும் சர்ச் ஸ்ட்ரீட்டிலும் நடந்தே ரோந்து வரும் காவலர்கள். பெண் காவலர்களும் இருக்க வேண்டும்.

ஆள் இல்லை என்பீர்கள். டிசம்பர் 31 அன்று மட்டும் எம்.ஜி. ரோட்டில் திரும்பிய பக்கமெல்லாம் காக்கி எங்கிருந்து வருகிறது? அதிலும், 2016 டிசம்பர் 31 இரவில் இதே தெருக்களில் பெண்களிடம் அத்துமீறல் நடந்தபோது 1,500 போலீஸ் பந்தோபஸ்தில் இருந்ததாகத்தான் சொன்னார்கள். தடுப்புக்குப் பின்னால் வரிசையாக நிற்பவர்களால் பயனில்லை, கூட்டத்துக்குள் நடக்க வேண்டும்.

அப்போதைய கர்நாடக உள்துறை அமைச்சர் ஜி. பரமேஸ்வரா அந்தச் சம்பவத்தில் இளைஞர்களின் மேற்கத்திய உடையைக் குறை சொன்னார். அவரே 2025 ஏப்ரலில், வேறொரு அத்துமீறல் சம்பவத்துக்கு, பெரிய நகரத்தில் அங்கே இங்கே இப்படி நடக்கும் என்று சொல்லி, பிறகு வருத்தம் தெரிவித்தார். எங்கள் பையன் அன்று போட்டிருந்தது ஹோட்டல் யூனிஃபார்ம், அதில் மேற்கத்தியம் எவ்வளவு என்று அமைச்சர்தான் சொல்ல வேண்டும். ஒரு மணி வரை பாரைத் திறந்துவைக்க உத்தரவு போட்ட அரசுக்கு மதுவரி ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது. கடை நேரத்தை நீட்டியபோதே காவலையும் நீட்டியிருக்கலாம்.

சரி, அதெல்லாம் உங்கள் கையில் இல்லை. டியூட்டி ரோஸ்டர் உங்கள் கையில் இருக்கிறது. வரும் வெள்ளிக்கிழமையிலிருந்தே அந்த இரண்டு மணி நேரத்துக்கு நடை ரோந்து போடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சர்ச் ஸ்ட்ரீட் ஹோட்டல் தொழிலாளி ஒருவன்